பதினேழாம் பாட்டின் வலது பக்கம்

போன வாரம் என் இயர்போன் காணாமல் போனது. இந்த வீட்டில் எதுவும் காணாமல் போவதில்லை, நான் வைத்த இடத்தை மறப்பதோடு சரி என்பது என் மனைவியின் கட்சி. மார்க்கெட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் மகளிடம் கேட்டேன். அவளுக்கு இப்போது வயர் இல்லாத பொத்தான்கள் வந்துவிட்டன. மேசை டிராயரைக் கிளறி, தான் கழித்துப்போட்ட பழைய வயர் இயர்போனை எடுத்துக் கொடுத்தாள். "இடது பக்கம் கேக்காதுப்பா, பரவாயில்லையா?" என்றாள். ஓசியில் வருவதற்கு இரண்டு காதும் கேட்க வேண்டுமா என்ன, வாங்கிக்கொண்டேன்.

காந்தி மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நிற்கத்தான் இடம். ஒரு கையில் காய்கறிப் பையும் பூவன் வாழைப்பழச் சீப்பும், மறு கை மேலே கம்பியில். போன் சட்டைப் பையில் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. அடுத்த பாட்டுக்குத் தள்ள எனக்கு ஒரு விரல்கூட மிச்சமில்லை. இருந்திருந்தால் தள்ளியிருப்பேன், சத்தியமாக. ஒரு பாட்டை முழுதாகக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

வந்தது ஒரு பழைய பாட்டு. எது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே போனை எடுத்துத் தேட ஆரம்பிப்பீர்கள், அப்புறம் நான் சொல்வது உங்கள் காதில் விழாது. எங்களுக்கு அதன் பெயர் பதினேழு. முதல் சரணம் முடிந்து, இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வெறும் வாத்தியங்கள் மட்டும் வருகிற இடம். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. என் வலது காதில் ஒரு புல்லாங்குழல் கேட்டது. மெல்லியதாக, தயங்கித் தயங்கி, நாலே மூச்சு. பையைக் கீழே வைக்கவும் முடியாமல் கண்ணைத் துடைக்கவும் முடியாமல் நின்றேன். ராஜகோபுரம் ஸ்டாப்பில் இறங்க வேண்டியவன், பஸ் அதைத் தாண்டிப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

சிராஜ் ஜெயித்துவிட்டான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

சிராஜ் என்னோடு துவாக்குடியில் வேலை பார்த்தவன். பாய்லருக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கிற சின்னக் கம்பெனி அது. நான் லேத்துப் பக்கம், அவன் ஸ்டோர்ஸ். அவன் வீடு நத்தர்ஷா பள்ளிவாசல் பக்கத்துத் தெருவில். அங்கிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்துவிடுவான். ஸ்ரீரங்கத்திலிருந்து என் பஸ் வந்து சேர்வதற்குள் துவாக்குடி பஸ்ஸின் ஜன்னல் வழியே கைக்குட்டையைப் போட்டு இடது வரிசையில் இரண்டு பேர் சீட்டைப் பிடித்து வைத்திருப்பான். ஜன்னல் ஓரம் அவனுக்கு, பக்கத்தில் நான். அவனை நெருங்கினாலே அத்தர் வாசனை வரும். என்னை நெருங்கினால் தேங்காய் எண்ணெய் வாசனை வருகிறது என்று அவன் சொல்வான்.

அந்த அத்தர் வாசனையோடு சேர்ந்துதான் எனக்கு அந்தச் சின்னப் பெட்டி ஞாபகம் வருகிறது. அவனுடைய அத்தா, அதாவது அப்பா, சவூதியில் தம்மாமிலிருந்து அனுப்பிய எம்பி3 பிளேயர். கட்டைவிரல் நீளம்தான், ஒற்றை பேட்டரி, முப்பத்தோரு பாட்டுக்கு மேல் கொள்ளாது. மெயின்கார்டுகேட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பாட்டு ஏற்றிக் கொடுப்பார்கள். புதுசாக ஒன்று ஏற்ற வேண்டுமென்றால் பழையதில் ஒன்றை அழிக்க வேண்டும். எதை அழிப்பது என்பதில் சனிக்கிழமை முழுக்கச் சண்டை போடுவோம். ஒரு பாட்டைக் காப்பாற்ற அதன் சிறப்புகளை வரி வரியாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதன் திரையில் பாட்டின் பெயர் தெரியாது, நம்பர் மட்டும்தான் தெரியும். ஆறாம் நம்பர் சோகம், பதினொன்று மழைக்கு, பதினேழு எல்லாவற்றுக்கும்.

இயர்போன் ஒன்றே ஒன்று. வலது அவன் காதில், இடது என் காதில். உட்கார்ந்த வாகுக்கு அப்படித்தான் வயர் எட்டும். மாற்றிப் போட்டுக் கேட்கவே மாட்டோம். என் பக்கத்துக் கறுப்புப் பஞ்சு உறையில் என் எண்ணெய் ஊறிப்போயிருந்ததால் அவன் அதைத் தொடமாட்டான். வயர் குட்டை என்பதால் தலையோடு தலை சாய்த்துத்தான் கேட்க வேண்டும். காட்டூரில் பஸ் பள்ளத்தில் இறங்கினால் இருவர் காதிலிருந்தும் ஒன்றாகத் தெறிக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள், பதினேழில் அந்தப் புல்லாங்குழல் வந்தாலே பஸ்ஸை விட்டு இறங்க மனசு வருவதில்லை என்றான். எந்தப் புல்லாங்குழல் என்று கேட்டேன். விளையாடுகிறேன் என்று நினைத்தான். பின்னால் இழுத்துத் திரும்பப் போட்டான். எனக்கு வயலின்தான் கேட்டது. "இப்ப வந்துச்சுல்ல?" என்பான். "வரவே இல்லடா" என்பேன். இரண்டு வருஷம் இந்தச் சண்டை ஓடியது. அந்த இடம் வரும்போதெல்லாம் அவன் கண்ணை மூடிக்கொண்டு விரலைத் தூக்கிக் காட்டுவான், நான் உதட்டைப் பிதுக்குவேன். வயரில் எழுதியிருந்த எல், ஆர் என்கிற எழுத்துகளை இடது செருப்பு வலது செருப்பு மாதிரி காதின் வாகுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் வேறு வேறு வாத்தியம் வரும் என்பது டிப்ளமோ படித்த எனக்கும் தெரியவில்லை, பி.காம் படித்த அவனுக்கும் தெரியவில்லை.

அந்தப் பயணங்களில் பாட்டுக்கு நடுவே பேச்சும் உண்டு. ஒரு காதுதானே அடைத்திருக்கும். தன் அத்தாவைப் பற்றி அப்போதுதான் சொன்னான். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வருவார், வந்தவரோடு பழகி முடிப்பதற்குள் கிளம்பிவிடுவார். மற்றபடி பார்சல்தான் வரும். "பார்சல்ல வர்ற அத்தாவா மட்டும் நான் ஆகமாட்டேன் மாப்ள" என்றான். அதை அவன் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது.

ஒரு தீபாவளிக்கு போனஸ் வந்த கையோடு தில்லை நகரில் நான் சொந்தமாக ஒரு பிளேயர் வாங்கினேன். ஆயிரம் பாட்டு கொள்ளும். கண்டதையும் ஏற்றிக்கொண்டேன். அழிக்க வேண்டிய அவசியமே இல்லை என்றதும் எந்தப் பாட்டுக்காகவும் வாதாட வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. பதினேழும் அதில் இருந்தது, ஆனால் நம்பர் போய்விட்டது. பல்லவி கேட்பேன், முதல் சரணம் பாதி, அதற்குள் இதைவிட நல்லது அடுத்ததாக இருக்குமோ என்று விரல் அமுக்கிவிடும். என் மகள் பாட்டின் கால்வாசியைக் கேட்டுவிட்டுத் தள்ளுகிறாள் என்று இப்போது திட்டுகிறேன். யாரிடமிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

சீட்டு அதே சீட்டு, கைக்குட்டை அதே கைக்குட்டை. அவனுக்கு அவன் வயர், எனக்கு என் வயர். தலையைச் சாய்க்க வேண்டியதில்லை. எனக்கு இரண்டு காதும் அடைத்திருந்தது.

ஒரு நாள் காலை அரியமங்கலம் குப்பைக் கிடங்கு நாற்றத்துக்கு எல்லோரும் ஜன்னலை மூடிக்கொண்டிருந்தபோது சிராஜ் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். உதடு அசைவது தெரிந்தது. கொஞ்சம் நீளமாகவே பேசினான். நான் இயர்போனைக் கழற்றவில்லை. நல்ல இடத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா என்றால் அதுவும் இல்லை, வெறும் சோம்பல். தலையை ஆட்டினேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூடிய ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுவாரம் ராஜினாமா கொடுத்துவிட்டான். அத்தா உடம்பு முடியாமல் திரும்பி வருகிறார், அவர் வேலை பார்த்த இடத்திலேயே இவனுக்கு விசா. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கோபமாகக் கேட்டேன்.

"உன்கிட்டதான் மொதல்ல கேட்டேன். போகட்டுமா, இல்ல இங்கயே எதாவது பாத்துக்கலாமான்னு. நீதான் தலையாட்டுன."

காதில் விழவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. "ஆமா, போறது நல்லதுதான்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் எனக்குப் பிடிக்காத பொய் அது. என் தலையாட்டலுக்காகத்தான் அவன் போனான் என்று நான் பெருமையடித்துக்கொள்ளவில்லை, வீட்டு நிலைமையும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் கேட்ட ஒருவனுக்கு நான் பதில் சொல்லவில்லை.

ஏர்போர்ட்டில் வழியனுப்பப் போனேன். உள்ளே போகும் முன் தோளைப் பிடித்து, "பதினேழ ஒரு தடவ முழுசா கேளு மாப்ள. குழல் இருக்கு" என்றான். கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து தம்மாமிலிருந்து போன் செய்தபோது அதையும் கேட்டான். "கேட்டேன்டா. ஒன்னும் இல்ல" என்றேன். அது இரண்டாவது பொய். அவன் சிரித்தான். "அப்ப என் காதுலதான் கோளாறு போல" என்றான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம் அவனுடைய தம்பி கூப்பிட்டான். ஷிப்டு முடிந்து அறைக்கு வந்து படுத்த சிராஜ் எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பள்ளிவாசல் பக்கத்துத் தெருவுக்குப் போனேன். அவன் மகனுக்கு அப்போது பதினோரு வயது. நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு சுவரோரமாக நின்றான். அவன் போட்டிருந்த டீ ஷர்ட், கீழே விரித்திருந்த கம்பளம், கூடத்து மின்விசிறி, எல்லாம் பார்சலில் வந்தவை. சிராஜின் மனைவி உள்ளிருந்தபடியே, "உங்களப் பத்தித்தான் சொல்லிட்டே இருப்பாங்க" என்று தம்பி வழியாகச் சொல்லியனுப்பினார். என்ன சொல்வான் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சத்திரத்தில் துவாக்குடி பஸ் இன்றும் புறப்படுகிறது. கைக்குட்டையும் ஜன்னல் வழியே விழுகிறது. பாட்டு ஏற்றிக் கொடுத்த கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். என் ஆயிரம் பாட்டு பிளேயர் எங்கே போனதென்று தெரியாது. முப்பத்தோரு பாட்டுப் பெட்டியை அவன் தம்மாமுக்கே எடுத்துப் போயிருந்தான்.

வாழைப்பழம் நசுங்கி வீடு வந்த அன்று மாலை, மகளின் பெரிய ஹெட்போனை வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு பதினேழை இரண்டு காதிலும் முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். வலது பக்கம் அவனுடைய புல்லாங்குழல் வந்தது. ஒத்துக்கொண்டேன். யாரிடம் ஒத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. அதே இடத்தில் இடது பக்கம், வயலினுக்கு அடியில், ஒரு சின்ன மணி மூன்று தரம் அடிக்கிறது. இரண்டு வருஷமும் அதற்காகத்தான் நான் அந்தப் பாட்டைக் காப்பாற்றி வந்தேன். அது எனக்கு உயிர். அதைப் பற்றி சிராஜிடம் ஒரு நாள்கூடப் பேசியதில்லை. அவனுக்கும் கேட்கிறது என்றே நினைத்திருந்தேன்.