ஆட்டுக்கு விழுந்த ஏச்சு

திரையில் அந்த அம்மாள் இருபத்தேழு வரை எண்ணியிருந்தார். வசனம் மனப்பாடம் ஆகாதபோது நடிக்கிறவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி வாயசைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். பிறகு யாராவது வந்து அந்த வாயசைப்புக்குள் வசனத்தைத் திணித்துப் பேச வேண்டும். அந்த யாராவது நான்தான்.

நீலாயில் ஒரு கடைவீட்டு மேல்மாடி அது. சுவரில் முட்டை அட்டையும் பழைய கம்பளமும் ஒட்டி ஒலிப்பதிவுக் கூடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கீழே மோட்டோ பழுது பார்க்கிற கடை. அவர்கள் எஞ்சினை முறுக்கும்போதெல்லாம் மேலே எங்கள் வேலை நிற்கும். எனக்கோ ஓரிடத்தில் நிற்கவே வராது. தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர் வேலை, எட்டு மணி நேரமும் நடந்துகொண்டே இருப்பவள். "கைய ஆட்டாதீங்க லா அக்கா, வளையல் சத்தம் விழுது" என்று ஒலிப்பதிவாளர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். கடைசியில் வளையலைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அப்புறம் மோதிரத்தைச் சுழற்ற ஆரம்பித்தேன்.

அந்த ஒலிப்பதிவாளர்தான் என்னைப் பிடித்துவந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கல்யாண மண்டபங்களில் அறிவிப்பாளர். மம்பாவில் ஒரு கல்யாணத்தில் சாப்பாட்டு வரிசையை முண்டியடித்தவர்களை மைக்கிலேயே நான் ஏசியதைக் கேட்டுவிட்டு, "இந்தக் கொரலுதான் வேணும்" என்று வந்து நின்றார்.

படத்தில் நடித்த அம்மாளைக் கோலாலம்பூரில் எல்லாருக்கும் தெரியும். எதற்காகத் தெரியும் என்று கேட்டால்தான் யாருக்கும் தெரியாது. நகைக்கடையில் ரிப்பன் வெட்டுவார், பெரிய வீட்டு விருந்துகளில் நடுவில் நிற்பார், கைப்பேசியைத் திறந்தால் ஏதாவது ஒரு கோணத்தில் சிரிப்பார். அவரைத் தோட்டத்தில் ஆடு வளர்க்கும் பெண்ணாக்கி ஒரு நகைச்சுவைப் படம் எடுத்திருந்தார்கள். ஆடு காணாமல் போய்ப் பணக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குள் புகுந்துவிடும், அவளும் பின்னாலேயே போவாள். கதை அவ்வளவுதான். அவருடைய சொந்தக் குரலில் தோட்டத்துப் பேச்சைக் கேட்டால், விமானத்தில் பெல்ட் போடச் சொல்கிற பெண் ஆட்டைக் கூப்பிடுவது மாதிரி இருந்தது. அதனால்தான் என் குரல்.

ஒரு காட்சியில், மாப்பிள்ளையின் மாமா போட்டிருந்த தொப்பி எப்படியோ ஆட்டின் தலையில் ஏறிவிடும். அவள் இடுப்பில் கைவைத்து ஆட்டைத் திட்ட வேண்டும். வசனத்தாளில் 'ஆட்டைத் திட்டுகிறாள்' என்று மட்டும் எழுதியிருந்தது. அவர் இருபத்தேழு வரை எண்ணி முடித்திருந்தார். நான் எனக்குத் தெரிந்த ஏச்சையெல்லாம் போட்டுப் பார்த்தேன். எல்லாம் பத்தில் தீர்ந்துவிட்டது. அவருடைய வாய் மட்டும் திரையில் ஆடிக்கொண்டே இருந்தது. கீழே வேறு மோட்டோ சத்தம். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஐந்தாவது தடவை, யோசிக்காமல் வாயைத் திறந்தேன். வந்தது என் அம்மாவின் ஏச்சு.

அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு அப்போது ஏழு வயது. மந்தினுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் அம்மா ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தாள். அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முந்தின நாளெல்லாம் நான் வாந்தியெடுத்துக் கிடந்ததால், விடிகாலையில் என்னைத் தோளில் போட்டுக்கொண்டுபோய்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டாள். பிறகு பெரட்டுக்கு ஓடினாள். பெரட்டு என்பது வேலையாட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுக்கிற திடல். பத்து நிமிடம் தாமதம். வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் எல்லார் முன்னாலும் அந்தத் தாமதத்துக்குத் தானே ஒரு காரணம் சொன்னான். அதை நான் எழுதப்போவதில்லை. புருஷனை இழந்த பெண்ணைப் பார்த்து வாய் கூசாமல் சொல்லக்கூடிய காரணம் இல்லை அது.

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். திடலை ஒட்டிய கொட்டகை வாசலிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தொப்பி போட்டுட்டா மனுசன்னு நெனப்பா ஒனக்கு? கழட்டுடா, கொம்பு எங்க இருக்குன்னு எல்லாரும் பாக்கட்டும். ஒங்கம்மா பெத்தாளா, இல்ல லோரியிலேர்ந்து வுழுந்தியா? தள்ளுடா அங்கிட்டு! என் நெர காத்துக்கெடக்கு."

நெர என்றால் அவள் சீவ வேண்டிய மரங்களின் வரிசை. சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு நடந்துபோனாள். மறுநாள் கணக்கு எழுதுகிற கிராணி பெயர் வாசித்தபோது அவளுடைய நெர மாறியிருந்தது. தோட்டத்தின் கடைக்கோடியில், சதுப்பை ஒட்டிய மேட்டுக்காடு. அட்டைக்கடியும் பன்றி பயமும் உள்ள இடம் என்று ஆண்களே போகத் தயங்குவார்கள். இரண்டு வருடம் அங்கிருந்து பால் வாளிகளைத் தோள்கம்பில் சுமந்து வந்தாள். இன்றைக்கும் அவளுக்கு வலது தோள் ஒரு விரலளவு தாழ்ந்துதான் இருக்கும். ரவிக்கை தைக்கிறவரிடம் நான்தான் அதைச் சொல்லுவேன். அந்த விடிகாலையைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட ஏச்சை ஓர் ஆட்டுக்குக் கொடுத்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. தொப்பியும் கொம்பும் தாமாகவே பொருந்திக்கொண்டன. 'தள்ளுடா அங்கிட்டு' என்ற இடத்தில் எண்ணிக்கை இருபத்தேழைத் தொட்டுத் திரையில் வாய் மூடிவிட்டது. கடைசி வாக்கியத்துக்கு இடமில்லை. வெட்டிவிட்டேன். ஒலிப்பதிவாளர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. செய்தது என்ன என்று உறைத்தது வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான்.

அடுத்த வாரம் அந்த அம்மாளே கூடத்துக்கு வந்தார், கை நிறையப் பலகாரத்தோடு. என்னைவிடப் பத்து வயது இளையவர். போட்டுப் பார்த்துக் கேட்டுவிட்டு, "அக்கா, இந்த டயலாக் எங்கேர்ந்து பிடிச்சீங்க? சூப்பர் லா" என்றார்.

"சும்மா வாய்க்கு வந்துச்சு மேடம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் என்னையே ஏசியிருக்கிறேன். அம்மா என்ற ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாய்ஸ் என்னுது இல்லன்னு தெரிஞ்சா ஆளுங்க என்னைக் கிழிச்சிடுவாங்க அக்கா. நமக்குள்ளயே இருக்கட்டும், பிளீஸ்." பயந்துபோயிருந்தார் பாவம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவர் பயந்தது வீண்போகவில்லை. படம் வந்த அன்றைக்கே கிழித்தார்கள். படத்திலேயே இயல்பாக நடித்திருப்பது ஆடு ஒன்றுதான் என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர், இடைவேளையில் விற்ற சோளப்பொரிக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். எல்லாரும் திட்டிமுடித்த பிறகு ஒரே ஓர் இடத்தைப் பாராட்டியிருந்தார்கள். ஆட்டை ஏசும் காட்சி. அந்தத் துண்டு மட்டும் கைப்பேசி கைப்பேசியாகப் பறந்தது. பள்ளிப் பிள்ளைகள் பூனைக்குத் தொப்பி போட்டு அந்தக் குரலை ஓடவிட்டார்கள். ஒரு பேட்டியில் அந்த அம்மாள் தலைமுடியை ஒதுக்கிவிட்டுச் சிரித்தார். "அதுவா? ஸ்பாட்ல சும்மா வாய்க்கு வந்துச்சு."

கைப்பேசியைச் சோபாவில் வீசினேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் படுவது என்றுதான் தெரியவில்லை. அவர் சொன்னது என் வாக்கியம். நான் கொடுத்த பொய்யைத்தான் அவர் திருப்பிச் சொன்னார்.

இதற்குள் அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. படம் எங்கள் பழைய தோட்டத்தில் எடுத்தது, கோயில் வாசல்கூட வருகிறதாம் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், அந்தத் துண்டை அவள் பார்த்திருக்கவில்லை. "கூட்டிட்டுப் போ புள்ள" என்றாள். டிக்கெட் இல்லை என்றேன். காடி எஞ்சின் சரியில்லை என்றேன். ஓவர்டைம் என்றேன். படம் தானாகவே ஓடிப்போய்விடும் என்பது என் கணக்கு. தினமும் காலையில் பல் விளக்கும் முன்னால் காட்சி நேரங்களைப் பார்ப்பேன். நாலு காட்சி இரண்டானது, இரண்டு ஒன்றானது. ஊரே திட்டும் ஒரு படம் இன்னும் சீக்கிரம் செத்தால் என்ன என்று நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டிருப்பேன். வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். துவைத்த துணியையே திரும்பத் துவைத்தேன்.

அவள் கேட்டால் என்ன நினைப்பாள் என்பதுதான் என்னை அரித்தது. அந்த விடிகாலைதான் அவள் வாழ்க்கையிலேயே தலை நிமிர்ந்து நின்ற நாள். அதற்காக இரண்டு வருடம் தோளைக் கொடுத்தவள். பெற்ற மகளே அதை எடுத்துச் சோளப்பொரி தின்கிறவர்கள் சிரிக்கக் கொடுத்துவிட்டாள் என்று தெரிந்தால்?

ஒரு சனிக்கிழமை புடவை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "நீ காடிய எடுக்கிறியா, நான் பஸ்ஸு ஏறவா?"

சிரம்பானில் ஒரு மால், மத்தியானக் காட்சி. அரங்கம் காலியாக இருக்கும் என்று நினைத்தால், முன்வரிசைகளில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வந்திருந்தார்கள். கேலி செய்வதற்கென்றே டிக்கெட் எடுத்த கூட்டம். அம்மா கச்சாங் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். கோயில் வாசல் நாலு விநாடி வந்தது. "பெயிண்ட மாத்திட்டானுங்க" என்றாள். ஆடு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தபோது நான், "ம்மா, டாய்லெட் போய்ட்டு வருவோமா?" என்றேன்.

"உக்காரு."

தொப்பி ஆட்டின் தலையில் ஏறியது. அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்தார். நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் திரையோடு சேர்ந்து ஒரே குரலாகக் கத்தினார்கள். "தொப்பி போட்டுட்டா மனுசன்னு நெனப்பா ஒனக்கு?" பின்னால் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கொம்பும் வந்தது, லோரியும் வந்தது. "தள்ளுடா அங்கிட்டு!" என்று அரங்கமே கத்தி முடித்துக் கைதட்டிச் சிரித்தது. அம்மாவின் கை கச்சாங் பொட்டலத்துக்குள் அப்படியே நின்றிருந்தது. நான் திரையைப் பார்த்தேன், வாசல் விளக்கைப் பார்த்தேன், அவளைப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. மிச்சப் படத்தில் என்ன நடந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

காடியில் வீட்டுக்குத் திரும்பினோம். மந்தின் மலைப்பாதையில் முன்னால் ஒரு லோரி ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த முடியாமல், சும்மாவும் இருக்க முடியாமல் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அது ஒன் கொரலு" என்றாள்.

"ஆமாம்மா."

"பேச்சு என்னுது."

"தப்புதாம்மா. அந்த நேரத்துல வேற ஒண்ணும் வரல. மன்னிச்சிரும்மா." எனக்கு அழுகை வந்துவிட்டது. லோரியின் பின்விளக்கு கலங்கித் தெரிந்தது. என் குரல் என்று வெளியே சொல்லக்கூடாது என வாக்குக் கொடுத்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அன்னிக்குப் பெரட்டுல எம்பது பேரு நின்னாங்க. எல்லாம் என் சனம், ஒண்ணா சோறு தின்னவங்க. நான் பேசி முடிச்சதும் ஒரு ஆளு சிரிக்கல புள்ள. எல்லாம் காலப் பாத்துக்கிட்டு நின்னாங்க. இந்தப் புள்ளைங்க சிரிச்ச மாதிரி அன்னிக்கு அவங்க சிரிச்சிருந்தா, அந்த ஆளு என்னிய எப்படி மேட்டுக்காட்டுக்கு அனுப்பியிருப்பான்? அவன்ல ஓடியிருப்பான்."

லோரி ஓரம் கட்டி வழிவிட்டது. நான் முந்தவில்லை.

"நாளைக்கும் ஓடுதா?" என்றாள்.

"நாளைக்குக் கடைசி."

"போவோம்."

"வெளிய மட்டும் சொல்லிடாதம்மா. வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீ குடுத்த. நானா குடுத்தேன்?"

மறுநாள் அதே அரங்கம். கூட்டம் முந்தின நாளைவிட அதிகம், கடைசிக் காட்சி என்று தெரிந்து வந்திருந்தார்கள். அம்மா இந்த முறை கச்சாங் வாங்கவில்லை. ஆட்டின் தலையில் தொப்பி ஏறியதும் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முன்வரிசை ஆரம்பித்தது. அவளும் ஆரம்பித்தாள், முதலில் வாய்க்குள், பிறகு சத்தமாக. "தள்ளுடா அங்கிட்டு!" என்று எல்லாரும் முடித்துச் சிரிக்க ஆரம்பித்தபோது அவள் மட்டும் நிறுத்தவில்லை.

"என் நெர காத்துக்கெடக்கு!"

சிரிப்பு அடங்கிப் பலர் திரும்பிப் பார்த்தார்கள். எங்களுக்கு முன் சீட்டில் இருந்த பெண் எழுந்தே திரும்பிவிட்டாள். "ஆன்ட்டி, அது படத்துல இல்லையே?"

அம்மா என் தொடையைத் தட்டினாள்.

"இருந்துச்சு ஆயி. நான் முழுசாத்தான் சொன்னேன். இந்தா ஒக்காந்திருக்காளே எம்மவ, இவதான் பேசுறப்ப வெட்டிட்டா."