மட்டம் குறையாத ஈஸ்ட் போத்தல்

மோர்னிங்சைட் பக்கம் இருக்கும் தியாகலிங்கம் அண்ணைக்கு இரண்டு நம்பிக்கைகள். கடைப் பியரில் எதையோ கலக்கிறார்கள் என்பது ஒன்று. கண் மறைந்தால் யாரும் களவெடுப்பார்கள் என்பது மற்றது. வெளிநாடு வந்து பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பிறகு, பேஸ்மென்டில் தானே பியர் காய்ச்சத் தொடங்கினார்.

காய்ச்சி முடிந்ததும் அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியைப் போத்தலில் அள்ளி, அடுத்த முறைக்கென்று பேஸ்மென்ட் ஃபிரிட்ஜில் வைப்பார். அது உயிருள்ள சாமான். சூடு ஆகாது, அழுக்கு ஆகாது, அளவு குறைந்தால் பியர் நுரைக்காது. பெற்ற பிள்ளைகளைக்கூட மனுசன் அப்படிப் பார்த்ததில்லை.

அந்தப் பியரை ரசித்துக் குடிக்க ஒரே ஆள்தான் இருந்தான், பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்த டெனிஸ்டன். அண்ணைக்கு மனம்விட்டுக் கதைக்கவும் அவனைவிட்டால் ஆளில்லை.

இந்த விண்டரில் காய்ச்சிய பியர் நுரைக்க மறுத்தது. அடுத்ததும் இனித்துக்கொண்டு, புளித்த வாடையோடு கிடந்தது. அண்ணை போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மட்டம் அப்படியே இருந்தது. ஆனால் மண்டி மெலிந்து, மேலே தண்ணீர்தான் கூடியிருந்தது. எவனோ எடுத்துவிட்டுத் தண்ணீர் விடுகிறான்! தன் சிநேகிதன் ஒருவனும் பியர் காய்ச்சுகிறான் என்று டெனிஸ்டன் அண்மையில்தான் சொல்லியிருந்தான். அண்ணைக்கு அது போதும்.

"உந்தப் போத்தலைத் தொட்டனியோ?"

"சத்தியமா இல்லை அண்ணை."

சத்தியம் என்று கேட்டாலே அண்ணைக்குச் சந்தேகம் இரட்டிக்கும். அறையை விடச் சொல்லிவிட்டார். டெனிஸ்டன் முகம் கறுத்து, வெக்ஸ்போர்ட் பக்கம் போய்விட்டான். மனைவி அருள்மலரிடம், அவன் வேலைக்குக் கிட்ட இடம் பார்த்துவிட்டான் என்று அண்ணை சொல்லிவைத்தார்.

அடுத்த ஞாயிறு அருள்மலரின் தங்கை நிரூபா சாப்பிட வந்தாள். அப்பம்.

"அக்கா, ஊரிலை கள்ளு விட்டுச் சுடுற அப்பம் மாதிரியே இருக்கு! இஞ்சை கள்ளுக்கு எங்கை போனனியள்?"

"கள்ளெங்கை? இவரின்ரை ஈஸ்ட் போத்தலிலை ரெண்டு கரண்டி எடுத்து மாவுக்கை விடுவன். குறைஞ்சா மனுசன் கத்துமெண்டு குழாய்த்தண்ணி விட்டு நிரப்பி வைக்கிறனான்."

அண்ணையின் வாயில் பால் அப்பம். விண்டர் முழுக்க "இன்னொண்டு போடும்" என்று கேட்டு வாங்கித் தின்றவர் அவர்தான். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கையைக்கூடக் கழுவாமல் போனை எடுத்தார். கனநேரம் அடித்த பிறகுதான் டெனிஸ்டன் எடுத்தான்.

"என்ன அண்ணை, வேறை ஏதும் காணேல்லையோ?"