டொக்டரிடம் சொன்ன கலியாணப் பொய்

நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. முகத்தில், நாடியோரம், முடி அரும்பியது. இனித் தாங்காது என்று அம்மாவை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. உடுப்பிட்டியில் ஆசிரியை.

ஸ்கானைப் பார்த்த பெண் டொக்டர், சூலகங்களில் (கருமுட்டை உருவாகும் உறுப்புகள்) சின்னச் சின்ன நீர்ப்பைகள் தெரிவதாகச் சொன்னார். பி.சி.ஓ.எஸ். என்றார். பிறகு கேட்டார்:

"வீட்டிலை ஆருக்கும் சுகர் இருக்கா? பிள்ளை தங்காமல் கஷ்டப்பட்டவை இருக்கினமா?"

அம்மா நிமிர்ந்து இருந்தார். "சீச்சீ, எங்கடை பகுதியிலை ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லை."

அது கலியாணத் தரகருக்குச் சொல்கிற பதில். எங்கள் ஊரில் சம்பந்தம் பேசுமுன் பகுதி (குடும்ப வழி) விசாரிப்பார்கள். பரம்பரை வருத்தம் (நோய்) என்று ஒரு சொல் கசிந்தால் போதும், கொடுத்த சாதகக் குறிப்பு திரும்பி வந்துவிடும். எனக்கும் ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. பழகிய பதில் அம்மாவின் வாயில் தானாக வந்துவிட்டது. அம்மாவின் தமக்கை, என் பெரியம்மா, முப்பது வயதிலேயே சுகருக்கு ஊசி போட்டவர். பிள்ளையில்லை. இதெல்லாம் தெரிந்தும் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு.

அடுத்த முறை தனியே போய் உண்மையைச் சொன்னேன். டொக்டர் சிரித்தார். "பிள்ளை, நான் மாப்பிள்ளை பகுதி இல்லை."

இதற்கு ஒற்றை மரபணு (பெற்றோரிடமிருந்து உடலுக்கு வரும் குறிப்பு) காரணமில்லை, பல சேர்ந்து ஆபத்தைக் கூட்டும் என்று விளக்கினார். தாய்வழியாலும் வரலாம், தந்தைவழியாலும் வரலாம். "வரக்கூடும் எண்டதுதான், வந்தே தீரும் எண்டில்லை. சாப்பாடும் நடையும் உம்மடை கையிலை." குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்துச் சோதித்தார்கள். நீரிழிவுக்கு முந்திய நிலை என்று வந்தது.

நான் உண்மையைச் சொன்னது தெரிந்து வீட்டில் சண்டை. "ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரி," என்றார் அம்மா. பெரியம்மாதான் நடுவில் புகுந்தார். "எனக்கு உது என்னெண்டு சொல்ல அப்ப ஆரும் இருக்கேல்லை. இவளுக்காவது தெரியட்டும்." அம்மா அழுதுவிட்டார்.

மாத்திரை, சோற்றைக் குறைத்து மரக்கறி, பின்னேரங்களில் ஒழுங்கை (சந்து) நெடுக வேகநடை. முதல் மாதங்களில் ஒன்றுமே மாறவில்லை. எனக்கு அலுத்துப்போனது. ஐந்தாம் மாதம்தான் மாதவிடாய் வந்தது. குளியலறையிலிருந்து "அம்மா, வந்திட்டுது" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அதன்பின், பேச்சு நடந்த மாப்பிள்ளையின் தாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். "பரம்பரையாய் ஏதும் வருத்தம்..." என்று இழுத்தார். நான் வாய் திறக்குமுன் அம்மா சொன்னார்:

"ஓம், இருக்கு. என்ரை அக்காவுக்குச் சுகர். இவளுக்குச் சூலகத்திலை பிரச்சினை, மருந்தெடுத்து இப்ப நல்லாய் இருக்கிறாள். விருப்பமெண்டால் மேலே கதைப்பம்."

வந்தவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்கடை மகளுக்கும் உதுதான் போலை. எந்த டொக்டரிட்டைக் காட்டினனீங்கள்?"

கலியாணம் சரிவந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் அம்மா அந்த "ஓம்" சொன்ன அன்றே நான் வென்றுவிட்டேன்.

இதை எழுதும்போது அடிவயிறு நோகிறது. போன முறை வந்ததிலிருந்து இருபத்தொன்பதாம் நாள். முன்பெல்லாம் இந்த நோவைத் திட்டித் தீர்ப்பேன். இன்று சுடுதண்ணீர்ப் போத்தலை வயிற்றில் வைத்துக்கொண்டு, வா என்கிறேன்.