ரோஸ்லினுக்கு ஒரு சிரிப்பு ஒட்டினார்கள்

சிரிப்பை ஒட்டவைக்க ஓர் ஆப் இருக்கிறதாம். உங்களுக்குத் தெரியுமா? எனக்குப் போன வாரம் வரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மூணாறு சந்தைக்குப் போய்விட்டு ஜீப்பில் வந்து இறங்கினோம். நான், பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம், அவள் மகள் ரோஸ்லின். தேயிலை ஃபேக்டரி வளைவில் புதிதாக ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் பக்கம் இதுதான் திருவிழா. பாஸான பிள்ளைகள் முகமெல்லாம் ரோட்டோரம் தொங்கும். எலெக்‌ஷனில் நிற்கிறவர்கள்கூடத் தோற்றுப்போவார்கள்.

“பெரியம்மா, நடுவுல பெருசா இருக்கே, அது யாரு?” என்று கேட்டாள் ரோஸ்லின்.

பார்த்தேன். ரோஸ்லின்தான். அவள் நெற்றி, அவள் மூக்கு, அவள் ரெட்டைச் சடை. ஆனால் வாய்... பல் தெரிய, கன்னம் குழிய, பேஸ்ட் விளம்பரம் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தது.

ரோஸ்லினுக்கு முகத்தால் சிரிக்க வராது. மனசில்லாமல் இல்லை, நரம்பு இல்லை. முகத்தை அசைக்கிற நரம்பு அவளுக்குப் பிறவியிலேயே வேலை செய்யவில்லை. அபூர்வமாகத்தான் வரும், மோபியஸ் சிண்ட்ரோம் என்று பேர் என்றார் டாக்டர். கண்ணை முழுசாக மூட முடியாது. பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் தலையையே திருப்ப வேண்டும். உதடு சேராததால் பேச்சு கொஞ்சம் குழையும். அவ்வளவுதான். புத்திக்கு ஒரு குறையும் கிடையாது.

அப்படியானால் சிரிக்கவே மாட்டாளா? யார் சொன்னது! சிரிப்பு வந்தால் அவளுக்குத் தோள் குலுங்கும். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும் — குளிரில் ஸ்டார்ட் ஆகாத ஜீப் இழுக்குமே, அந்த மாதிரி. அதைக் கேட்டால் எங்கள் எஸ்டேட் லயத்து வரிசையில் அக்கம்பக்கத்து வீடெல்லாம் சேர்ந்து சிரிக்கும். எதற்கென்றே தெரியாமல் சிரிக்கும்.

இப்போது படத்துக்குக் கீழே பார்த்தேன். மற்ற பிள்ளைகளுக்கு ‘ஃபுல் ஏ ப்ளஸ்’ என்று போட்டிருந்தது. எல்லாப் பாடத்திலும் ஏ ப்ளஸ்; எங்கள் கேரளாவில் அதற்கு மேல் கிடையாது. ரோஸ்லினுக்கு? ‘தன்னம்பிக்கை தேவதை’. அவளும் ஃபுல் ஏ ப்ளஸ்தான் ஐயா! அது எங்கே போயிற்று? இல்லாத சிரிப்பைச் சேர்த்தவர்களுக்கு, இருக்கிற மார்க்கைப் போட இடமில்லையா?

எனக்கு ரத்தம் கொதித்தது. பக்கத்தில் பார்த்தால் தங்கபுஷ்பம் அழுதுகொண்டிருக்கிறாள்.

“எம்மவ சிரிச்சா இப்படித்தான் இருப்பாளோ, அக்கா?”

ரோஸ்லின் தலையைத் திருப்பித் தாயைப் பார்த்தாள். “எம்மா, நான் ஒங்கிட்ட சிரிச்சதே இல்லியா?”

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குரலில் எல்லாம் தெரிந்தது. தங்கபுஷ்பம் சந்தைப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள், ஃப்ளெக்ஸ் வைத்த கிளப்பின் செக்ரட்டரி செந்திலைப் பார்க்கப் போனேன். டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிற பையன். நல்ல பையன்தான். அதுதான் கஷ்டமே. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

“தம்பி, அந்தப் படத்த மாத்துப்பா. கீழ அவ மார்க்கையும் போடு.”

“பெரியம்மா, எல்லாப் புள்ளைக்கும் மூஞ்சிய வெளுத்துத்தான் போட்டிருக்கு. அதுக எதுவும் சண்டைக்கு வரல்லியே? சிரிக்காத படத்தப் போட்டா எழவு வீட்டு போஸ்டர் மாதிரில்லா இருக்கும்! ஸ்டுடியோக்காரன் ஆப்புல செஞ்சு குடுத்தான். பாவம், அவ சந்தோசப்படுவான்னு பாத்தோம்.”

“சரி, மார்க்கு?”

“அவளப் பத்தி அதவிடப் பெருசால்லா போட்டிருக்கு! தேவதைன்னு!”

எனக்கு வெளி ஆட்களிடம் வாய் எழாது. திரும்பி வரும் வழியெல்லாம் தேயிலைச் செடிகளிடம் சண்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

செந்தில் சொன்னதை ரோஸ்லினிடம் சொன்னேன். அவள் சொன்னாள்: “கிளப்புக்காரங்க பாராட்டு விழாவுக்குப் போவேன், பெரியம்மா. படிச்சது நானு. ஆனா அந்தப் படத்துக்குக் கீழ போயி நிக்க மாட்டேன். நின்னா நான் அதுன்னு ஆயிரும்.”

புதன்கிழமை விழா. காற்று மழையில் கிழிய வேண்டாமென்று ஃப்ளெக்ஸை அவிழ்த்து வந்து ஹாலுக்குள் மேடைக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். இன்னும் பெரிதாகத் தெரிந்தது அந்தச் சிரிப்பு.

சிறப்பு விருந்தினர் ஒரு பெரிய ஆபீசர். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். பாதிப் பேச்சு ரோஸ்லினைப் பற்றி. தெய்வத்தின் குழந்தை என்றார். அவளைப் பார்த்து நாமெல்லாம் பொறுமை கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அவள் காமர்ஸ் குரூப் என்றோ, பி.காம் படிக்கப் போகிறாள் என்றோ ஒரு வார்த்தை? ம்ஹூம்.

பேரைக் கூப்பிட்டார்கள். ரோஸ்லின் பெஞ்சிலிருந்து எழுந்தாள். நடக்கவில்லை.

“இங்கன வந்து தாங்க, சார்.”

செந்தில் மேடையிலிருந்து கையைக் கையை ஆட்டுகிறான். அவள் அசையவில்லை. ஆபீசர் முகம் இளகிவிட்டது. “அய்யோ, நடக்கான் வய்யே? பாவம்!” என்றார்.

நடக்க முடியாதவளாம்! தினமும் ஸ்கூல் பஸ் பிடிக்க எங்கள் மேட்டை ஏறி இறங்கினவள். ஆபீசர் ஷீல்டைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். அவருடைய இரக்கத்துக்கு ஹாலே கைதட்டியது. எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

அடுத்தது போட்டோ. “மோளே, ஒன்னு சிரிச்சே!” என்றார் ஆபீசர். செல்ஃபோனோடு நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். “சிரிம்மா... லேசா... ஒரே ஒரு தடவ...”

எனக்குப் பின்னால் ஒரு பெண் குரல்: “இவ்ளோ பெரிய ஷீல்டு குடுத்தும் மூஞ்சியப் பாரு. தலக்கனம்!”

நான் திரும்பினேன். “அவ மூஞ்சி அப்படித்தான். ஒம் மூஞ்சிக்கு என்ன வந்துச்சு?”

என் குரல்தானா அது? அந்தப் பெண் யாரென்றுகூட எனக்குத் தெரியாது.

அதற்குள் ரோஸ்லின் பேசிவிட்டாள். “சிரிச்சிட்டுத்தான் சார் இருக்கேன். ஒங்களுக்குத்தான் தெரியல.”

தோள் குலுங்கியது. ஜீப் இழுத்தது. முதலில் சிரித்தது தங்கபுஷ்பம் — முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அப்புறம் எங்கள் லயத்து ஆட்கள் அத்தனை பேரும். ஆபீசருக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் சிரித்துவைத்தார். போட்டோ எடுத்தாயிற்று.

“சார், நான் ஃபுல் ஏ ப்ளஸ்” என்றாள் ரோஸ்லின்.

“அதெயோ?” என்றார் அவர். அப்படியா என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அவ்வளவு நேரம் பாராட்டினாரே, எதற்கென்று அவரிடம் யாருமே சொல்லவில்லை! அவர் செந்திலைப் பார்த்தார். செந்தில் ஃப்ளெக்ஸைப் பார்த்தான்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். ஒரு பிள்ளையைப் பாராட்டக் கூப்பிட்டால், அந்தப் பிள்ளையைத்தானே பாராட்ட வேண்டும்? நம் கண்ணுக்குச் சுகமாக அவள் முகத்தை மாற்றிவைத்துக்கொண்டு கைதட்டினால், அந்தக் கைதட்டல் யாருக்கு? நமக்கு நாமே தட்டிக்கொள்வதுதானே?

விழா முடிந்தது. எங்கள் பக்கம் எந்த விழா முடிந்தாலும் ஃப்ளெக்ஸுக்கு அடிதடி நடக்கும். மழைக்காலம் அல்லவா? ஒழுகுகிற கூரைக்கு ஆகும், விறகை மூட ஆகும். அன்றைக்கு முதலில் ஓடிப்போய்க் கேட்டவள் தங்கபுஷ்பம். ஆசைப்பட்டு வீட்டுக்குள் மாட்டிவைக்கப் போகிறாளோ? பெற்ற பிள்ளை தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமோ?

“என்னட்டி, செவுத்துல மாட்டப் போறியா?” என்று கேட்டேன்.

“போங்கக்கா. இதுல தோளு குலுங்கலியே. இது எம்மவளே இல்ல.”

இதை எழுதும்போது வெளியே மழை கொட்டுகிறது. அவர்கள் வீட்டு விறகு அடுக்கின் மேல் ஃப்ளெக்ஸ் கிடக்கிறது. படம் உள்பக்கமாக, மேலே நாலு கல்லு வைத்து. வைத்தவள் ரோஸ்லின்.

சிரிப்பு விறகுக்கு. ஏ ப்ளஸ் எங்கள் பிள்ளைக்கு!