கடலுக்கு ஞாயிறு விடுமுறை

ஊரப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து அண்ணி எங்கள் ஒத்திகையைப் பார்த்த அந்த மாலை இன்னும் கண்ணில் நிற்கிறது. என்னை வீட்டுக்கு அழைத்துப்போக ஸ்கூட்டரில் வந்திருந்தார். எங்கள் நாடகக் குழுவில் மொத்தமே நான்கு பேர். எழுதிவைத்த வசனம் கிடையாது. ஒருவர் ஏதாவது செய்ய, இன்னொருவர் அதற்கு ஈடுகொடுக்க, எங்களுக்கே சிரிப்பு வந்தால் அது நாடகத்தில் தங்கும். ஒரு விஞ்ஞானியைப் பற்றிய நகைச்சுவை என்று மட்டும் முடிவு செய்திருந்தோம். விஞ்ஞானியாக நடித்தவர் செங்கல்பட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாத்த. வெள்ளைக் கோட்டும் கலைந்த தலையுமாக, கலர் தண்ணீரைப் பாட்டில் மாற்றிப் பாட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. “இவர் எதையுமே தேடலையே” என்றார் அண்ணி.

அண்ணி நிஜமாகவே விஞ்ஞானி. தென்காசிப் பக்கத்துக்காரர். வேலைக்காக இந்தப் பக்கத்துக் கடற்கரைக்கு வந்து, என் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். அலை மோதும்போது கரை எவ்வளவு அதிர்கிறது என்று ஒரு நுட்பமான கருவியை வைத்து அளப்பது அவர் வேலை. சில மாதங்களாக வீட்டில் யாரோடும் சரியாகப் பேசாமல் இருந்தார். கருவியை விட்டுவிட்டு, கோப்பு பார்க்கும் பிரிவுக்குத் தானே கேட்டு மாறிக்கொண்டார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். ஏன் என்பதை அந்த மொட்டை மாடியில்தான் சொன்னார்.

தினமும் மாலையில் கருவியில் ஒரு விசித்திரமான அதிர்வு பதிவாகியிருக்கிறது. அலையோடு அது பொருந்தவில்லை. கடலுக்கு அடியில் ஏதோ அசைகிறது என்று நம்பி, பலநாள் கணக்குப் போட்டு, அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் உரையும் நிகழ்த்தியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் கவனித்தாராம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்த அதிர்வு இல்லை. வெளியே போய்ப் பார்த்தால், கருவி இருந்த அலுவலகத்தின் மதில் சுவரை ஒட்டி ஒரு மெஸ். அங்கே இட்லிக்கு மாவு அரைக்கும் பெரிய கிரைண்டர். ஞாயிறு மெஸ் விடுமுறை.

அண்ணாத்த தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அய்ய, கடலு சண்டே லீவா மேடம்?”

அண்ணி கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஆனால் அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆபீஸ்ல எல்லாரும் ‘பரவாயில்லை மேடம்’னுதான் சொன்னாங்க. அதைத்தான் என்னால தாங்க முடியலை. நீங்கதான் முதல்ல சிரிச்சீங்க” என்றார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

கலர் பாட்டில்களை அன்றே மூட்டை கட்டினோம். விஞ்ஞானி வேஷத்தை அண்ணியே போடட்டும் என்றேன். மறுத்துவிட்டார். “கிரைண்டரைப் பார்த்தப்போ என் முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. எதிர்ல நின்னு பார்க்கணும்” என்று சொல்லி, மெஸ்காரம்மா வேஷத்தை எடுத்துக்கொண்டார். அண்ணாத்தயிடம் இந்த ஊர்ப் பேச்சைப் பழகினார். ‘இருக்கு’ போய் ‘கீது’ அவர் நாக்கில் உட்கார ஒரு வாரம் பிடித்தது.

மாமல்லபுரத்தில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் முதல் காட்சி. அலுவலகத்தாரை அண்ணியே அழைத்திருந்தார். இரண்டாவது வரிசையில் அவருடைய மேலதிகாரி உட்கார்ந்திருப்பதை மேடையோரத்திலிருந்து பார்த்தேன். விஞ்ஞானி கிரைண்டரைக் கண்டுபிடிக்கும் இடத்தில் அண்ணாத்த மயங்கி விழ வேண்டும். ஒத்திகையில் எப்போதும் அப்படித்தான். அன்று விழவில்லை. ஓடும் கிரைண்டரின் மேல் ஒரு கையை வைத்தபடி, மறுகையால் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். சிரித்துக்கொண்டிருந்த அரங்கம் அடங்கிப்போனது. அடுத்துப் பேச வேண்டியவர் அண்ணி. எடுத்துக்கொடுக்க எங்களிடம் வசனமே இல்லை.

அண்ணி அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். கையிலிருந்த மாவைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். “இன்னாத்துக்கு நைனா அழுவுற? கடலு எங்க ஓடிடப் போவுது? குந்து. ரெண்டு இட்லி துன்னுட்டு, மறுபடி போய்த் தேடு.”

அரங்கம் வெடித்தது. மேலதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டினார். நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து, “கருவி அங்கேயேதாம்மா இருக்கு” என்றார். “ஞாயித்துக்கிழமை வர்றேன் சார். அன்னைக்குத்தான் கிரைண்டர் ஓடாது” என்றார் அண்ணி. அப்படியே போனார்.

இப்போது கருவி முட்டுக்காட்டுப் பக்கம், வீடுகளும் மெஸ்ஸும் இல்லாத ஓரிடத்தில் இருக்கிறது. அண்ணியின் கீழே மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். போன மாதம் மதுராந்தகத்தில் நாங்கள் அந்த நாடகத்தை மீண்டும் போட்டோம். மெஸ்காரம்மாவாக நான் நடித்தேன். முடிந்ததும் அண்ணாத்த கோட்டைக் கழற்றிக்கொண்டே, “நல்லாத்தான் கீது. ஆனா மேடம் மாதிரி வர்ல” என்றார். அண்ணிக்கு போன் செய்து அதை அப்படியே சொன்னேன். பின்னால் அலைச் சத்தம் கேட்டது. “ஏதோ பதிவாகுது, அப்புறம் பேசுறேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.