ஐயாவின் பந்தடிச் சப்பாத்து

மழையில் நனைந்த பேத்தியின் பள்ளிச் சப்பாத்தை அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்தேன். ஈரத் தோலின் மணம் குசினி முழுக்கப் பரவ, இரணைமடு வாய்க்கால் வரம்பில் என் தகப்பன், ஐயா, அந்த நாளையில் போல நடந்து வருவது கண்ணுக்குள் தெரிந்தது. அழுகை வரவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐயா, கொழும்பில் ஒரு கம்பனி பந்தடிக்கவென்றே சம்பளம் கொடுத்து வைத்திருந்த உதைபந்தாட்டக்காரர். முழங்கால் போனதும் வேலையும் போய், குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த வயலுக்கு வந்தபோது, அடியில் தோல் குமிழ்கள் அறைந்த அந்தச் சப்பாத்தையும் கொண்டுவந்தார். சேற்றில் வழுக்காது என்று அதைப் போட்டுக்கொண்டே தண்ணீர் பாய்ச்சுவார். குமிழ்கள் குத்தி வரம்பெல்லாம் குழி குழியாகக் கிடக்கும், அம்மா மண்வெட்டியால் தட்டித் தட்டி நிரவிக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் ஐயாவோடு பந்தடித்த பழைய கூட்டாளி ஒருவர் சைக்கிளில் வந்தார்.

"சனிக்கிழமை யாழ்ப்பாணத்தில பழைய ஆக்களின்ர மட்ச். உன்ர பேரையும் போட்டாச்சு. பத்து நிமிசம் நிண்டாலும் காணும், வாவன்."

"சனிக்கிழமை எங்கட தண்ணி முறை," என்றார் ஐயா.

"நான் பாக்கிறன், நீங்கள் போயிட்டு வாங்கோ," என்றார் அம்மா. ஐயா போகவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. சப்பாத்துக் குழிகள் நிறைந்திருந்த இடத்தில் வரம்பு உடைந்து, எங்கள் தண்ணீர் பக்கத்து வயலுக்குள் ஓடியது. அம்மா மண்வெட்டியை எடுக்குமுன், ஐயா காய்ந்த மண்கட்டி ஒன்றை நோகாத காலால் உதைத்தார். அது பறந்துபோய் உடைப்பில் அப்படியே இறுக, தண்ணீர் நின்றது.

ஐயா உதைத்து நான் கண்டது அந்த ஒன்றைத்தான்.