வெளுத்துப்போன பெட்டி

ஜெபகனி எங்கள் பள்ளியின் மியூசிக் மிஸ். ஊர் தூத்துக்குடிப் பக்கம். சர்ச் பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவள், கல்யாணமாகி துபாய்க்குப் பக்கத்தில் அஜ்மானுக்கு வந்தாள். நான் அதே பள்ளியில் தமிழ் மிஸ். ஸ்டாஃப் ரூமில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி என்பதால், அவள் பட்ட பாடெல்லாம் எனக்குத் தெரியும்.

உலக நாடுகள் விழாவில் நாலாம் வகுப்புக்கு ஸ்பானிஷ் பேசும் நாடுகள் என்று முடிவாயிற்று. கோஆர்டினேட்டர் சீதாராமன் சார் அன்றைக்கே அகலத் தொப்பிகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். அவர் கணக்கில் அத்தோடு ஸ்பானிஷ் முடிந்தது.

ஜெபகனி விடுகிற ஆளில்லை. ஒரே பாட்டுக்கு மூன்று வாத்தியம் வைத்தாள்.

"கிதார் ஸ்பெயின்காரங்களோட கப்பல்ல தென் அமெரிக்காவுக்கு வந்துச்சு. இந்த மூங்கில் குழல் அதுக்கு முந்தியே அங்க மலையில இருந்தவங்களோடது. பெட்டி, ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையாப் பிடிச்சிட்டு வந்தவங்களோடது. பெரு நாட்டுல சரக்கு வந்த மரப்பெட்டியத் தட்டித் தட்டியே மேளமாக்கிட்டாங்க. பேசுறது ஒரு பாஷை பிள்ளைகளா, ஆளு பல நிறம்."

அவள் புருஷன் செல்வசிங் ஏசி மெக்கானிக். ஏசி வந்த மரப்பெட்டி ஒன்றை அறுத்து, கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். அதன்மேல் உட்கார்ந்து நாலாம் வகுப்பு சந்தியா அடித்தால் ஸ்டாஃப் ரூமில் என் டீ குலுங்கும். நல்ல கறுப்புப் பிள்ளை. முன்வரிசை நடுவில் இடம் கிடைத்ததிலிருந்து அவள் சாப்பாட்டுத் தட்டைக்கூட சும்மா விடவில்லையாம்.

ஒத்திகை பார்த்த சீதாராமன் சார் முகம் சுளித்தார்.

"ஏம்மா, ஸ்பானிஷ் பாட்டுக்கு முன்வரிசையில இந்தப் பொண்ணா? கொஞ்சம் பளிச்சுனு ஒரு பிள்ளைய வைக்கலாமே."

"பெட்டி அடிச்சவங்களே கறுப்புதான் சார்."

"அது யாருக்குத் தெரியப் போகுது? மேக்கப் போடு. இல்லேன்னா பின்னாடி உக்கார வை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரை மட்டும் என்ன, சுண்ணாம்பிலா முக்கி எடுத்தார்கள்?

சார் சொன்னதைக் கேள்விப்பட்டு, இடம் போய்விடுமோ என்று சந்தியாவின் அம்மா நாகவள்ளி பயந்துவிட்டாள். விழாவன்று காலையில் தானே வந்து, மகளுக்கு முகத்திலிருந்து விரல் நுனிவரை பவுடரை அப்பினாள்.

"மிஸ், பாக்ஸ் பீப்பிள் பிளாக்தானே? தென் எனக்கு எதுக்கு பவுடர்?" என்றாள் சந்தியா.

ஜெபகனிக்குக் கண் கலங்கிவிட்டது. தொப்பிகளை எண்ணுவதுபோல் திரும்பிக்கொண்டாள்.

காலைக் காட்சி பிள்ளைகளுக்கு, மாலைக் காட்சி பெற்றோருக்கு. காலையில் சந்தியா அடித்த அடிக்குப் பவுடர் பறந்தது. முன்வரிசை பையன் ஒருவன் தும்மினான். பாட்டு முடிந்தபோது அவள் விரல்கள் பழைய நிறத்துக்கு வந்திருந்தன. பெட்டியின் முன்பக்கம் முழுக்க வெள்ளைக் கைகள்.

"என்னம்மா இது, பெட்டி வெளுத்துப் போச்சு?" என்று மேடைக்கு ஓடி வந்தார் சீதாராமன் சார்.

ஜெபகனி பணிவாகச் சொன்னாள். "ஆமா சார், இப்பப் பளிச்சுனு இருக்கு. சாயங்காலம் பெட்டிய முன்னாடி வச்சிருவோம். பிள்ளை பின்னாடி உக்காரட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் அடக்க முடியவில்லை, இருமுவதுபோல் சமாளித்தேன்.

"யாராவது ஈரத்துணி கொண்டாங்க!" என்று கத்தினார் சார்.

நாகவள்ளி கொண்டுவந்தாள். பெட்டியைத் தாண்டிப் போய், மகளின் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். நெற்றி, கன்னம், காது மடல் என்று ஒன்று விடாமல் துடைத்தாள்.

"சாயங்காலம் இப்படியேதான் உக்காருவா சார்" என்றாள்.